ஜெபம் வராத பாஸ்டரம்மா

"மேலயும் படிங்க, கீழயும் படிங்க."

எங்கள் சபையில் யார் எந்த வசனத்தைச் சொன்னாலும் பாஸ்டரம்மா இதைத்தான் சொல்வார். கல்யாண வீடானாலும் சரி, நோயாளியின் கட்டிலோரமானாலும் சரி, விடமாட்டார். "நல்ல வசனம்தாங்க. யாரு சொன்னது? யாருக்குச் சொன்னது? அதுக்கு மேல என்ன இருக்குது, கீழ என்ன இருக்குது?" என்று கேட்டுவிட்டு, மூக்கில் வழுக்கி இறங்கிய கண்ணாடியைப் புறங்கையால் மேலே தள்ளுவார். வசனம் சொன்னவருக்கு அப்புறம் வாய் திறக்கத் தோன்றாது.

அவருக்கு ஒரு பெயர் இருந்திருக்கும். பாஸ்டரின் மனைவி என்பதால் எங்கள் யாருக்கும் அது தேவைப்படவில்லை. என்னைவிடச் சில வயதுதான் பெரியவர். அவர் என்னை டீச்சர் என்பார், நான் அவரைப் பாஸ்டரம்மா என்பேன். நாங்கள் பழகிய காலம் முழுக்க அப்படியே போய்விட்டது.

பாஸ்டரும் அவரும் எங்கள் மரக்காணத்துக்கு மாற்றலாகி வந்த அன்று லாரியிலிருந்து கட்டிலும் பாத்திரங்களும் சீக்கிரமே இறங்கிவிட்டன. அட்டைப்பெட்டிகள்தான் இறங்கிக்கொண்டே இருந்தன. எல்லாம் புத்தகங்கள். ஒரு பெட்டி கிழிந்து தரையில் சரிந்தபோது, வலமிருந்து இடமாக ஓடும் எழுத்து, கொக்கி கொக்கியான எழுத்து என்று எங்களுக்குத் தெரியாத எழுத்துகளாகக் கிடந்தன. பெட்டி தூக்கியவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "ஏம்பா, பாஸ்டர் இங்க காலேஜ் ஆரம்பிக்கப் போறாரா?" என்றார். பாஸ்டர் தன் கையிலிருந்த ஜிப் வைத்த வேதாகமத்தைத் தூக்கிக் காட்டினார். "என்னுது இது ஒண்ணுதான்பா. மத்தது பூரா அம்மாவுது."

இருவரும் ஒரே இறையியல் கல்லூரியில் ஒரே வகுப்பில் படித்தவர்கள். பழைய மொழிகளில் பாஸ்டரம்மாதான் முதல். பாஸ்டர் அந்தப் பரீட்சையை இரண்டாம் தடவை எழுதித் தேறியவர். "இவ சொல்லிக் குடுத்துத்தான் நான் பாஸானேன்" என்று பாஸ்டரே பிரசங்கத்தில் சொல்லிச் சிரிப்பார். ஆனால் எங்கள் சபையில் அந்த நாளில் பெண்களுக்குப் போதகர் அங்கி கொடுப்பதில்லை. அங்கி பாஸ்டருக்குப் போனது, புத்தகங்கள் பாஸ்டரம்மாவுக்கு மிஞ்சின. அடுப்பில் குழம்பை வைத்துவிட்டுப் படிப்பார். பாஸ்டர் வீட்டிலிருந்து அடிப்பிடித்த வாசனை வந்தால், பாஸ்டரம்மாவுக்குப் புதிதாக ஏதோ தட்டுப்பட்டிருக்கிறது என்று அக்கம்பக்கத்தில் புரிந்துகொள்வோம்.

இத்தனை வருடம் கழித்து அவரைத் தேட வைத்தவள் என் மகள் ஜெனி.

ஜெனி பாண்டிச்சேரியில் சரித்திரம் படிக்கிறாள். மீனவர் குப்பத்துப் பெண் துர்காவும் அதே கல்லூரி. ஆறாம் வகுப்பிலிருந்து இரண்டு பேரும் ஒன்றாகவே அலைந்தவர்கள். இந்தத் தை மாதம், மழைத்தண்ணீர் வடிந்து உப்பளத்தில் பாத்தி கட்டத் தொடங்கியிருந்த நேரம், கல்லூரி முடிந்து ஸ்கூட்டரில் வந்துகொண்டிருந்தார்கள். பெரிய முதலியார்சாவடிக்குப் பக்கத்தில், ஆரோவில் போகும் சாலைக்குத் திடீரென்று திரும்பிய ஒரு கார் இடித்துவிட்டது. வண்டி ஓட்டியது ஜெனி. அவளுக்குத் தோள்பட்டை எலும்பு முறிவு, தலையில் அடி. சில நாள் கண் திறக்காமலே கிடந்தாள். பின்னால் உட்கார்ந்திருந்த துர்கா ஆஸ்பத்திரிக்கு வந்து சேரும்போதே உயிரோடு இல்லை.

இப்போதும் போன் அடித்தால், எடுப்பதற்கு முன் ஜெனி எங்கே என்று பார்க்கிறேன். ஜெனி குளியலறையில் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டாலே கதவைத் தட்டுகிறேன்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் என் கணவர் முழங்காலில் நின்று ஒரு பொருத்தனை செய்தார். பிள்ளை கண் திறந்தால் அவளைச் சபைக்கு முன்னால் நிறுத்தி, ஆண்டவர் செய்ததைச் சாட்சியாகச் சொல்ல வைக்கிறேன் என்று ஆண்டவரிடம் வாக்குக் கொடுத்தார். பிள்ளை கண் திறந்தாள். எங்கள் ஆட்களுக்குப் பொருத்தனை விளையாட்டு இல்லை. வாயால் சொன்னால் தீர்த்தே ஆகவேண்டும்.

பார்க்க வந்தவர்கள் எல்லோரும், "கர்த்தர் உங்க பொண்ணைத் தூக்கி எடுத்துட்டாரு" என்றார்கள். ஜெனி ஒவ்வொருவரிடமும், "அப்போ துர்காவை?" என்று கேட்டாள். பெரும்பாலானோர் கொண்டுவந்த பழத்தை வைத்துவிட்டுக் கிளம்பினார்கள். ஒரு அம்மா மட்டும், "அது ஆண்டவரை அறியாத குடும்பம் பாப்பா" என்றார். ஜெனி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அன்றிலிருந்து வீட்டில் குடும்ப ஜெபத்துக்கு வருவதில்லை.

"எல்லாம் மனுஷங்க எழுதி வச்சதும்மா. யாரு பொழைக்கிறாங்களோ அவங்க எழுதுறாங்க. செத்தவங்க எழுதல" என்றாள் என்னிடம்.

பாஸ்டரம்மா இருந்திருந்தால் அந்த அம்மாவிடம் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும். என் மகளிடம் என்ன சொல்லியிருப்பார் என்றுதான் தெரியவில்லை. அதை நினைக்க நினைக்க, அவரைப் பற்றிய எல்லாம் ஒவ்வொன்றாக மேலே வருகிறது.

புது வருடப் பிறப்பு அன்று காலை ஆராதனை முடிந்ததும் எங்கள் சபையில் வாக்குத்தத்த அட்டை எடுப்போம். தட்டில் அட்டைகளைக் கவிழ்த்து வைத்திருப்பார்கள். ஒவ்வொரு அட்டையிலும் ஒரு வசனம். குடும்பத்துக்கு ஒருவர் போய்க் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கவேண்டும். என்ன வருகிறதோ அதுதான் அந்த வருடம் முழுக்க ஆண்டவர் நமக்குச் சொல்வது. பிரேம் போட்டு மாட்டுகிறவர்களும் உண்டு. பாஸ்டரம்மா வந்த வருடம் அட்டை எழுதும் வேலையை அவரிடம் கொடுத்துவிட்டார்கள். அவர் முன்பக்கத்தில் வசனத்தை எழுதி, பின்பக்கத்தில் 'அதிகாரம் முழுவதும் வாசிக்கவும்' என்று எழுதி வைத்துவிட்டார்.

உப்பள மேஸ்திரிக்கு வந்த அட்டையில், நீ வாலாக இல்லாமல் தலையாக இருப்பாய் என்கிற வசனம். மேஸ்திரி பொங்கல் வரைக்கும் தலையாகவே நடந்தார். யாரோ பின்பக்கத்தைக் காட்டியிருக்கிறார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அட்டையோடு பாஸ்டர் வீட்டு வாசலுக்கு வந்து நின்றார்.

"பாஸ்டரம்மா, வேற அட்டை குடுங்க."

"ஏங்க மேஸ்திரி, தலையா இருக்குறதுல என்ன கஷ்டம்?"

"மேல படிச்சா, எல்லாக் கட்டளையும் தப்பாம நடந்தாத்தான்னு போட்டிருக்குது. கீழ படிச்சா சாபம்ங்க. ஒண்ணு ரெண்டு இல்ல, பக்கம் பக்கமாப் போகுது. சொறி, சிரங்கு, பைத்தியம் வரைக்கும் வந்துட்டேன். அதுக்கு மேல படிக்க எம் பொண்டாட்டி விடல."

பாஸ்டரம்மா சிரித்துச் சிரித்து வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "இந்தச் சபையிலயே முழுசாப் படிச்ச முதல் ஆளு நீங்கதான் மேஸ்திரி!" மேஸ்திரி சிரிக்கவில்லை. பாஸ்டர்தான் உள்ளேயிருந்து வந்து, தோளில் கை போட்டு, வேறொரு அட்டை எடுத்துக் கொடுத்து அனுப்பினார். அடுத்த வருடம் பாஸ்டர்தான் அட்டை எழுதித் தட்டைப் பிடிக்கவேண்டும் என்று கமிட்டியில் சொல்லிவிட்டார்கள். "புருஷன் குடுக்குறதைப் பொண்டாட்டி புடுங்குறாங்க" என்று ஒரு பேச்சும் கிளம்பியது.

வெளியூரிலிருந்து வரும் பிரசங்கிகள் மரக்காணம் என்றவுடன், நீங்கள் பூமிக்கு உப்பு என்கிற வசனத்தைப் பற்றித்தான் பேசுவார்கள். நாள் முழுக்க உப்பு வாரிவிட்டு வந்த பெண்கள் பாயில் உட்கார்ந்தபடியே தூங்குவார்கள். "இந்த ஊர்ல உப்பைப் பத்திப் பிரசங்கம் பண்ணுறவங்களுக்கு அபராதம் போடணும் டீச்சர்" என்று என் காதோரம் சொல்வார் பாஸ்டரம்மா.

இவ்வளவு படித்தவருக்கு ஜெபம் வராது. அதுதான் சபையில் அவரைப் பற்றிய பெரிய குறை.

எங்கள் பக்கம் ஜெபம் என்றால் வாய்விட்டுத்தான். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாத அம்மாகூட எழுந்து நின்றால் கண்ணீரும் கம்பலையுமாகக் கொட்டுவார். பாஸ்டர் ஜெபம் செய்தால் வெளியே சைக்கிளில் போகிறவர்கள்கூட நின்றுவிட்டுப் போவார்கள். அப்படிப்பட்டவரின் மனைவியை, பெண்கள் கூட்டத்தில், "பாஸ்டரம்மா முடிவு ஜெபம் பண்ணுவாங்க" என்று அழைத்தால், எழுந்து நிற்பார். கண்ணை மூடுவார். நெடுநேரம் ஒன்றும் வராது. மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்கும். கடைசியில், "ஆண்டவரே, நாங்க இங்க இருக்கோம். ஆமென்" என்பார். எல்லோரும் ஒரு கண்ணைத் திறந்து பக்கத்திலிருப்பவரைப் பார்ப்பார்கள்.

ஒரு நாள் நான் கேட்டே விட்டேன். "பாஸ்டர் அவ்ளோ அழகா ஜெபம் பண்றாரு. நீங்க ஏன் பாஸ்டரம்மா இப்படி?"

"அவரு கதவைத் தட்டிக்கிட்டே இருக்காரு டீச்சர். நான் அது என்ன மரம், யாரு செஞ்சதுன்னு தடவிப் பாத்துக்கிட்டே நின்னுட்டேன்" என்றார். சிரித்தபடிதான் சொன்னார். ஆனால் சொல்லி முடித்ததும் அந்தச் சிரிப்பு அப்படியே போய்விட்டது.

ஜெனிக்கு முன்னால் எனக்கு ஒரு குழந்தை. பிறந்தது, அழவே இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வெறுங்கையோடு வீட்டுக்கு வந்து படுத்திருந்தேன். சபைப் பெண்கள் வந்தார்கள். கொடுத்தவரே எடுத்துக்கொண்டார் என்றார் ஒருவர். எல்லாம் நன்மைக்கே என்றார் இன்னொருவர். அவர்கள் பிரியத்தோடுதான் சொன்னார்கள். எனக்குக் காதை அறுத்து எறிந்துவிடலாம் போல இருந்தது.

பாஸ்டரம்மா எல்லோரும் போனபிறகு வந்தார். தூக்குவாளியில் கஞ்சி. அதுவும் அடிப்பிடித்திருந்தது. தரையில் உட்கார்ந்து, எதுவும் கேட்காமல், வேதாகமத்திலிருந்து சங்கீதங்களில் ஒன்றை எடுத்து முதலிலிருந்து கடைசி வரை வாசித்தார். யாரோ ஒருவன் பகலும் இரவும் கூப்பிடுகிறான். பதில் இல்லை. சிநேகிதர்கள் விலகிப் போய்விட்டார்கள். குழிக்குள் கிடக்கிறவனைப் போல் இருக்கிறேன் என்கிறான். நான் காத்துக்கொண்டே இருந்தேன். இப்படிப்பட்ட பாட்டுகளில் கடைசியில் விடியும், நன்றி சொல்லி முடிப்பார்கள். இதில் விடியவில்லை. இருட்டோடு முடிந்துவிட்டது.

"அவ்ளோதானா?" என்றேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் நான் பேசிய முதல் வார்த்தை அதுதான் என்று பிறகு என் கணவர் சொன்னார்.

"அவ்ளோதான் டீச்சர். பின்னால வந்தவங்க வேதத்துல எத்தனையோ இடத்துல கை வச்சிருக்காங்க. சேத்திருக்காங்க, மாத்தியிருக்காங்க. நாங்க அதைத்தான் காலேஜ்ல வருஷக்கணக்காப் படிச்சோம். இதுக்குக் கீழ ரெண்டு நல்ல வரி ஒட்ட வைக்கிறது அவங்களுக்கு ஒரு வேலையா? ஒட்டல. உங்களை மாதிரி ஒருத்தர் படுத்துக் கிடப்பாங்கன்னு யாருக்கோ தெரிஞ்சிருக்குது."

நான் அழுதேன். அவர் என் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். போகும்போதும் ஜெபம் செய்யவில்லை.

சில மாதம் கழித்து, பாஸ்டருக்கு நெஞ்சுவலி வந்து பாண்டிச்சேரியில் சேர்த்திருந்தார்கள். நான் காலையில் போனேன். சபை முழுக்க உபவாசம் இருந்து ஜெபித்துக்கொண்டிருந்தது. பாஸ்டரம்மா வராந்தா பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தார். வேதாகமம் பக்கத்தில் மூடிக் கிடந்தது. நான் உட்கார்ந்ததும், "டீச்சர், நீங்க ஜெபம் பண்ணுங்க" என்றார்.

"நீங்க பண்ணலையா?"

"வாயைத் தொறந்தா, இது அந்த ஆள் எழுதினது, இது இன்னொருத்தர் சேத்ததுன்னு எல்லா வார்த்தையும் பிரிஞ்சு பிரிஞ்சு நிக்குது. என்னோடதுன்னு ஒரு வார்த்தை வரமாட்டேங்குது. நீங்க சொல்லுங்க. நான் புடிச்சிக்கிறேன்."

எனக்குத் தெரிந்த மாதிரி ஜெபித்தேன். அவர் என் கையைப் பிடித்திருந்த பிடியில் வளையல் அழுந்தி எனக்கு வலித்தது. முடித்த பிறகும் கையை விடவில்லை. கொஞ்ச நேரம் கழித்து நான் தயங்கித் தயங்கிக் கேட்டேன், உங்களுக்கு நிஜமாகவே நம்பிக்கை இருக்கிறதா என்று. கேட்கக்கூடாத இடத்தில் கேட்ட கேள்வி. அவர் கோபப்படவில்லை.

"வேதத்தை எடுத்தா எனக்கு ரெண்டு கை நல்லாத் தெரியும் டீச்சர். எழுதினவன் கை ஒண்ணு, பின்னால வந்து திருத்தினவன் கை ஒண்ணு. மூணாவதா ஒரு கை இருக்குதான்னு கேக்குறீங்க." கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தார். "சில நாள் தெரியுது. இன்னைக்குத் தெரியல."

பாஸ்டர் பிழைத்து வந்தார். நன்றி சொல்லும் ஸ்தோத்திர ஆராதனையில் எல்லோரும் சாட்சி சொன்னார்கள். பாஸ்டரம்மா எழுந்து, ஆஸ்பத்திரியில் தரை துடைத்த அம்மாவில் தொடங்கி எல்லோருக்கும் நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

பெண்கள் கூட்டத்தில் அவர் பாடம் எடுத்தால் பாஸ்டர் தொடாத அதிகாரங்களைத்தான் எடுப்பார். ஒரு முறை எடுத்தது ஒரு பொருத்தனையின் கதை. சண்டைக்குப் போகும் தலைவன் ஒருவன், ஜெயித்து வந்தால் என் வீட்டு வாசலிலிருந்து முதலில் எதிரே வருவதைப் பலியிடுகிறேன் என்று வாக்குக் கொடுக்கிறான். ஜெயிக்கிறான். அவனுடைய ஒரே மகள் மேளம் அடித்துக்கொண்டு ஆடியபடி வாசலுக்கு ஓடிவருகிறாள்.

"அடப்பாவி" என்றார் மேஸ்திரியின் மனைவி. "நாய்தான் மொத வரும்னு நெனச்சிருப்பான்."

"கோழின்னு நெனச்சிருப்பான்" என்றார் பின்னாலிருந்து ஒருவர். சிரிப்பு எழுந்து அடங்கியது.

"ஆண்டவரு அந்தப் பொண்ணைக் கேட்டாரா பாஸ்டரம்மா?"

"நீங்களே பாருங்க. மேலயும் படிங்க, கீழயும் படிங்க. எங்கயாச்சும் கேட்டாரா?"

பெண்கள் விரல் வைத்து வரிவரியாகத் தேடினார்கள். உப்பில் வெடித்த விரல்கள். பக்கம் திருப்புகிற சத்தம் மட்டும் இருந்தது. "இல்லீங்களே. அவரு வாயே தொறக்கலையே" என்றார் ஒருவர்.

"ஆமா. அப்பன் பேசினான். பொண்ணு கடனைக் கட்டினா. அவ பேரைக்கூட எழுதல." பாஸ்டரம்மா புத்தகத்தை மூடிவிட்டார். அதற்குமேல் அன்று பாடம் நடக்கவில்லை.

சுனாமி வந்தபோது ஜெனி என் வயிற்றில் இருந்தாள். குப்பங்களில் வீட்டுக்கு வீடு அழுகை. பாஸ்டர் மணலில் முழங்காலிட்டு, யார் என்ன சாமி கும்பிடுகிறார்கள் என்று பார்க்காமல், எல்லோர் தலையிலும் கைவைத்து ஜெபித்தார். அப்போது வெளியூரிலிருந்து ஒரு பிரசங்கி வந்தார். எங்கள் சபைக் கோயிலில் நின்று, சிலை வணங்கும் குப்பங்களைக் கடல் நியாயந்தீர்த்தது என்று பேசினார். ஆமென் ஆமென் என்று குரல்கள். பாஸ்டரம்மா எழுந்து நின்றார்.

"ஐயா, கோபுரம் சரிஞ்சு விழுந்து கொஞ்சப் பேரு செத்துப்போனாங்களே, அதைப் பத்தி இயேசு பேசின இடம் உங்களுக்குத் தெரியுங்களா?"

பிரசங்கி மைக்கைக் கீழே இறக்கினார். "தெரியும் சகோதரி. மனந்திரும்பாட்டி நீங்களும் அப்படியே கெட்டுப்போவீங்கன்னு சொன்ன இடம்தானே?"

"அது கீழ இருக்குதுங்க. எதிர்ல நின்னு கேட்டுக்கிட்டு இருந்தவங்களைப் பாத்துச் சொன்னது. மேல படிங்க. செத்தவங்க மத்தவங்களவிடப் பெரிய பாவிங்கன்னு நெனக்கிறீங்களா, இல்லன்னு மொதல்ல சொல்றாரு. நீங்க அந்த இல்லையைத் தாண்டி வந்துட்டீங்க."

உட்கார்ந்துவிட்டார். பிரசங்கி வேறு எதையோ பேசி முடித்தார். ஆனால் பாஸ்டரம்மா ஊழியக்காரரை அவமானப்படுத்திவிட்டார் என்று மேலிடத்துக்குப் புகார் போனது. அந்தக் கோடையிலேயே மாற்றல் வந்துவிட்டது. மாற்றல் எங்கள் பாஸ்டர்களுக்குப் புதிதில்லை. ஆனால் இது நேரத்துக்கு முன்னால் வந்த மாற்றல் என்று எல்லோருக்கும் தெரியும். மறுபடி பெட்டிகள் லாரியில் ஏறின. ஜெனி பிறந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. பாஸ்டர் அவள் தலையில் கைவைத்து நீளமாக ஜெபித்தார். பாஸ்டரம்மா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். குழந்தையின் உள்ளங்காலைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவிவிட்டு வண்டியில் ஏறிக்கொண்டார்.

ஜெனி வீட்டுக்கு வந்ததிலிருந்து அவரைத் தேடிக்கொண்டிருக்கிறேன். பழைய நம்பரில் வேறு யாரோ எடுக்கிறார்கள். பாஸ்டர் இறந்துபோய்ச் சில வருடங்கள் ஆகின்றனவாம். பாஸ்டரம்மா தெற்கே எங்கோ ஒரு பெண்கள் விடுதியில் இருந்தார் என்கிறார்கள். அங்கே விசாரித்தால் போய்விட்டார் என்கிறார்கள். எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. பெயர் கேட்கிறார்கள். என்னிடம் பெயர் இல்லை.

கட்டுப்போட்ட கையோடு ஜெனியால் தலை குளிக்க முடியாது. நான்தான் ஊற்றிவிடுகிறேன். தண்ணீர் ஊற்றிக்கொண்டே பாஸ்டரம்மாவின் கதைகளைச் சொல்லிக்கொண்டிருந்தேன். மேஸ்திரியின் அட்டையைக் கேட்டு அவள் சிரித்தாள். விபத்துக்குப் பிறகு அவள் சிரித்தது அப்போதுதான்.

"அவங்க நம்புனாங்களா இல்லையாம்மா?" என்றாள் தலையைக் குனிந்தபடியே.

"சில நாள்னு சொன்னாங்க."

"அது நல்லா இருக்குது" என்றாள்.

சாட்சி சொல்லும் ஞாயிறு நெருங்கியது. என் கணவர் நல்ல மனிதர். மகளுக்காக வராந்தாவில் முழங்கால் தேய நின்றவர். இரண்டு வரி எழுதிக்கொண்டு வந்து சாப்பாட்டு மேஜையில் வைத்தார். "கர்த்தர் என்னை மரணத்திலிருந்து மீட்டார்னு மட்டும் சொல்லட்டும். வேற ஒண்ணும் வேணாம்."

"அவளால முடியாதுங்க."

"நான் வாக்குக் குடுத்திருக்கேன். ஆண்டவர்கிட்ட குடுத்த வாக்கு."

"நீங்க குடுத்தீங்க. அவ தரணுமா?" என்றேன். பிறகு, வாயை அடக்க முடியாமல், மேளம் அடித்துக்கொண்டு வாசலுக்கு ஓடிவந்த அந்தப் பெண்ணின் கதையைச் சொன்னேன். ஆண்டவர் கேட்கவே இல்லை என்றேன்.

அவர் எழுதிய தாளை மேஜையிலிருந்து எடுத்துக்கொண்டார். "அப்போ நான் எம் பொண்ணைப் பலி குடுக்குறேன்னு சொல்றியா?"

பாஸ்டரம்மாவாக இருந்தால் அந்த இடத்தில் என்ன செய்திருப்பார் என்று நினைத்தேன். அவருக்கும் தெரிந்திருக்காது என்றுதான் தோன்றியது. தெரியாமல் நம்மோடு உட்கார்ந்திருப்பார். அதற்காகவாவது அவர் வேண்டும் போல இருந்தது.

உள்ளறையிலிருந்து குரல் வந்தது. "நான் வர்றேம்பா. பேசுறேன். ஆனா நீங்க எழுதினதைச் சொல்ல மாட்டேன்."

ஞாயிற்றுக்கிழமை கோயில் நிறைந்திருந்தது. நான் பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்தேன், என் கணவர் ஆண்கள் பக்கம். இப்போதிருக்கும் பாஸ்டர் இளைஞர். ஜெனியைப் பிடித்து மேடைக்குக் கூட்டிப்போய் மைக்கை வாய்க்கு நேராக வைத்தார். கழுத்திலிருந்து தொங்கிய கட்டுக்குள் அவள் கை கிடந்தது. முடி இன்னும் சரியாக முளைக்காத இடத்தை மறைத்துத் துப்பட்டா போட்டிருந்தாள்.

"என் பேரு ஜெனி" என்றாள். எல்லோருக்கும் தெரிந்த பெயரைச் சொன்னதில் கூட்டத்தில் ஒரு சின்ன அசைவு. "நான் வண்டி ஓட்டினேன். துர்கா பின்னால உக்காந்திருந்தா. கார் இடிச்சது. நான் பொழச்சிட்டேன். ஏன்னு எனக்குத் தெரியல. துர்கா செத்துட்டா. ஏன்னு எனக்குத் தெரியல. யாருக்காவது தெரியும்னா, தயவுசெஞ்சு எங்கிட்ட சொல்லாதீங்க. அவங்க அம்மாகிட்டயும் போய்ச் சொல்லாதீங்க. அவ ரொம்ப நல்லாப் பாடுவா. அவ்ளோதான்."

மைக்கை விட்டு ஒரு அடி தள்ளி நின்றாள். ஆனால் இறங்கவில்லை. எல்லோரும் காத்திருந்தார்கள். சாட்சி இப்படி முடியாது. கடைசியில் ஸ்தோத்திரம் வரவேண்டும், அது வந்தால்தான் இவர்கள் பதில் சொல்வார்கள். பாஸ்டர் மைக்கைப் பார்த்தார், ஜெனியைப் பார்த்தார், என்ன செய்வதென்று தெரியாமல் தன் புத்தகத்தைப் பார்த்தார். மேடையில் என் மகள் தனியாக நின்றுகொண்டிருந்தாள்.

"ஆமென்" என்றேன் நான்.

என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. தலைகள் திரும்பின. ஜெனியும் என்னைப் பார்த்தாள்.

பிறகு ஆண்கள் பக்கத்திலிருந்து, எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு குரலில், இன்னொரு ஆமென் வந்தது.